திடலில் சாப்பாடு, கச்சேரி, படம்: ஒரே மாலைக்குள் எதை முன்னால் வைப்பது?

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மாலை 6:45க்கும் 7:20க்கும் இடையில்தான் சூரியன் மறைகிறது. மறைந்து இருபத்தைந்து நிமிடமாவது ஆனால்தான் புரொஜெக்டர் படம் வெளிறாமல் தெரியும். குடியிருப்புப் பகுதியில் ஒலிபெருக்கி இரவு 10:30க்கு மேல் கூடாது; பத்து மணிக்கே அடக்கிவிட்டால் மேல்மாடிக்காரர்கள் அடுத்த முறையும் சிரித்த முகத்தோடு இருப்பார்கள். இடையில் மிஞ்சுவது இரண்டரை மணி நேரம் சொச்சம். நம் படங்களில் பல அந்த இரண்டரை மணி நேரத்தையும் தாங்களே விழுங்கிவிடும். ஊர்ச் சங்கமோ, பழைய மாணவர்களோ, புளோக் குடியிருப்பாளர்களோ 'ஊர்ச் சாப்பாடு, நேரடி இசை, திறந்தவெளிப் படம்' என்று கூடிப் பேசும்போது பேச்சு பணத்தில்தான் தொடங்கும். தொடங்க வேண்டியது கடிகாரத்தில்.

கீழே உள்ள கணக்குகள் குழந்தைகள், பெரியவர்கள் கலந்த 120 பேருக்கு, ஒரு சனிக்கிழமை மாலைக்கு.

எது தலைமை?

மூன்று அம்சங்களும் சமமாக நிற்கும் மாலை என்று ஒன்று கிடையாது. ஒன்றைத் தலைமையாக்கி மற்ற இரண்டையும் அதற்குப் பணிய வைக்க வேண்டும்.

படம் தலைமை என்றால்: ஆறு மணிக்கு இசை, 6:15 முதல் 7:35 வரை சாப்பாடு, 7:45க்குப் படம், இடைவேளை இல்லாமல் 10:15க்கு முடிவு. இதில் அடிபடுவது இசைக் கலைஞர்கள். வெயில் தணியாத வேளையில், தட்டோடு வரிசையில் நிற்பவர்களின் முதுகைப் பார்த்துப் பாட வேண்டியிருக்கும். நல்ல கச்சேரிக்கு ஆள் கூப்பிட்டுவிட்டு இந்த நேரத்தைக் கொடுப்பது மரியாதை இல்லை. பின்னணியாக ஒரு புல்லாங்குழல், ஒரு தபலா போதும் என்று முன்பே முடிவு செய்திருந்தால் சரி.

கச்சேரி தலைமை என்றால்: 5:45 முதல் 7:15 வரை சாப்பாடு, 7:30 முதல் 8:45 வரை கச்சேரி, 9 மணி முதல் 10 வரை மூன்று நான்கு குறும்படங்கள். நம் பரிந்துரை இதுதான். முழுநீளப் படத்தை எல்லாரும் வீட்டுச் சோபாவிலேயே பார்த்திருப்பார்கள். இங்கேயே எடுத்த தமிழ்க் குறும்படம் என்றால் எடுத்தவரே வந்து பத்து நிமிடம் பேசலாம், அனுமதியையும் அவரிடமே நேரடியாக எழுதி வாங்கலாம். ஒரு படத்தில் குழந்தை அழுதாலும் அடுத்த படத்துக்குள் அடங்கிவிடும்.

சாப்பாடு தலைமை என்றால் கடைகள் மாலை முழுக்க இயங்கும், இசை இருபத்தைந்து நிமிடத் துண்டுகளாக வரும், திரையில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க அழகு, ஆனால் திரையை யாரும் பார்க்க மாட்டார்கள். இந்த வடிவத்துக்குத் திரைச் செலவே வீண். அந்தக் காசில் இன்னொரு தோசைக்கல் போடலாம்.

இடம்: கீழ்த்தளமா, கூரைத் திடலா, பூங்காவா, கொண்டோவா?

மழைக்கு ஒதுங்க இடம், பக்கத்திலேயே கழிவறை, மின்சாரம்: புளோக் கீழ்த்தளத்தில் மூன்றும் உண்டு. ஆனால் படத்துக்கு அது சரிப்படாது. உட்கார்ந்திருப்பவர் தலை மறைக்காமல் இருக்கத் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டராவது உயர வேண்டும். 4 மீட்டர் அகலத் திரையின் உயரம் 2.25 மீட்டர். கூட்டினால் 3.45. பழைய புளோக்குகளில் விட்டத்துக்கும் தரைக்கும் இடையே அவ்வளவு இருக்காது. அளவு நாடாவோடு போய்ப் பாருங்கள். 3 மீட்டர் அகலத்துக்கு இறங்கினால் மொத்த உயரம் 2.9க்குள் அடங்கும், ஆனால் அது அறுபது பேருக்கான திரை. பிறகு தூண்கள். பின்வரிசையில் மூன்றில் ஒருவர் தூணைத்தான் பார்ப்பார். மேலும் கான்கிரீட் கூரை, கான்கிரீட் தரை, ஓட்டுச் சுவர் என்று எல்லாப் பக்கமும் எதிரொலிக்கும்; மிருதங்கத்தின் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து வெறும் முழக்கமாகிவிடும். கீழ்த்தளத்தைச் சாப்பாட்டுக்கும் மழைக்கும் வைத்துக்கொண்டு, திரையைப் பக்கத்துத் திடலில் நிறுத்துவதே அதன் சரியான பயன்.

கூரையிட்ட பல்நோக்குத் திடல் பல வட்டாரங்களில் உண்டு. உயரம் தாராளம், தூண் நடுவில் இல்லை, தரை சமம், நாற்காலிக் கால் புதையாது. 120 பேருக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இரண்டு குறைகளைத் தெரிந்துகொண்டு எடுங்கள். கூரை பெரும்பாலும் உலோகத் தகடு. கனமழை கொட்டினால் யாரும் நனைய மாட்டார்கள், ஆனால் வசனம் ஒன்றும் கேட்காது. ஆகவே அடிவரி உள்ள பிரதியையே தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, திடல் விளக்கு. அது தானியங்கி நேரத்தில் எரிந்தால் உங்கள் திரை செத்தது. முன்பதிவு செய்யும்போதே விளக்கை யார் அணைப்பார், எந்தப் பெட்டியில் விசை, சனிக்கிழமை இரவு யாரைக் கூப்பிடுவது என்று நகர மன்றத்திடமோ சமூக மன்றத்திடமோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பூங்கா மனத்தை இழுக்கும். ஃபோர்ட் கேனிங் போன்ற சரிவான புல்வெளியில் பின்னால் இருப்பவருக்கும் தானாகவே திரை தெரியும். திறந்தவெளிப் படங்கள் அங்கே பொருந்தியதில் ஆச்சரியமில்லை. ஆனால் மின்சாரம், தண்ணீர், கழிவறை, லாரி நிற்கும் இடம் நான்குமே தூரம். முந்தின நாள் மழை பெய்திருந்தால் பிளாஸ்டிக் நாற்காலி புல்லுக்குள் இறங்கும். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி தேவை, கூடாரத்துக்கு முளை அடிக்கலாமா என்பதையும் கேட்க வேண்டும். நிலத்தடியில் குழாய் ஓடும் இடங்களில் முளைக்கு வழியில்லை. எல்லாவற்றையும் எடை வைத்துத்தான் நிறுத்த வேண்டும். 300 பேருக்கு மேல் போய், நிகழ்ச்சி நடத்தும் நிறுவனத்தையே அமர்த்துவதாக இருந்தால் பூங்காவை யோசியுங்கள்.

கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடியின் புல்வெளி நாற்பது ஐம்பது பேருக்கு மேல் தாங்காது. வெளியாள் எண்ணிக்கை, இசை, வாகன நிறுத்தம் மூன்றுக்கும் நிர்வாகம் வரம்பு வைத்திருக்கும்.

எந்த இடமானாலும் ஒரு விதி. திரையின் முதுகு மிக அருகிலுள்ள புளோக்கைப் பார்த்திருக்கட்டும். ஒலிபெருக்கி திரைப்பக்கத்திலிருந்து பார்வையாளரை நோக்கிப் பாய்வதால், பார்வையாளருக்குப் பின்னால் இருக்கும் வீடுகள்தான் முழுச் சத்தத்தையும் வாங்கும். அந்தப் பக்கம் சாலையோ கார் நிறுத்துமிடமோ இருந்தால் நல்லது.

திரை: மூன்று வழி

சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியும் புரொஜெக்டரும் மலிவு. காற்றடைத்த திரை எடுப்பு. எல்இடி சுவர் செலவு அதிகம், ஆனால் பகலிலும் தெரியும்.

புரொஜெக்டரில் பார்க்க வேண்டியது ஆன்சி லூமென் ஒன்றைத்தான், அதாவது தர முறைப்படி அளந்த வெளிச்ச அளவு. 4 க்கு 2.25 மீட்டர் திரை 9 சதுர மீட்டர். 5,000 ஆன்சி லூமென் கருவி அதில் சுமார் 550 லக்ஸ் (சதுர மீட்டருக்கு இத்தனை லூமென்) வெளிச்சம் பாய்ச்சும். சுற்றுவிளக்கால் திரையில் 20 லக்ஸ் விழுந்தாலும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் 28 மடங்கு வித்தியாசம் இருக்கும். இரவுக் காட்சியில்கூட முகம் தெரியும். அதே இடத்தில் 2,000 லூமென் வீட்டுக் கருவி வைத்தால் 11 மடங்கு, கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும். இணையத்தில் விற்கும் மலிவுக் கருவிகளின் பெட்டியில் 9,000 என்று அச்சிட்டிருந்தாலும் ஆன்சி அளவு சில நூறுதான். அதைத் திடலுக்குக் கொண்டுவந்தால் ஆள் அசைவது தெரியும், யார் என்று தெரியாது. வாடகைக்காரரிடம் 'ஆன்சியில் எவ்வளவு?' என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்தது தூரம். எறிவிகிதம் (படத்தின் அகலத்துக்கு எத்தனை மடங்கு தூரம் என்ற கணக்கு) 1.5 உள்ள லென்ஸ் 4 மீட்டர் படத்துக்கு 6 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும், அதாவது கூட்டத்தின் நடுவில். கருவிக்கு முன்னால் இருபுறமும் ஆள் வைத்து நடுவில் ஒரு பாதை விடுங்கள். இல்லாவிட்டால் கழிவறைக்குப் போகும் ஒவ்வொரு தலையும் படத்தில் நடிக்கும். திரைக்கு அரை மீட்டரில் வைக்கும் அதிகிட்ட வகைக் கருவி வசதியாகத் தோன்றும், ஆனால் அது கல் சுவருக்கு ஏற்றது. துணியில் விரலளவு சுருக்கம் இருந்தாலும் அலையலையாகக் காட்டிக்கொடுக்கும்.

துணி என்றால் படுக்கை விரிப்பு அல்ல. பின்புறம் கறுப்பு பூசிய திரைத்துணி வேண்டும். வெறும் வெள்ளைத் துணியில் பாதி வெளிச்சம் பின்னால் ஓடிவிடும். கண்ணிகளில் நைலான் கயிறு கட்டாமல் ரப்பர் கயிறு கட்டுங்கள். காற்று தள்ளும்போது அது இழுபட்டுத் திரும்பும், துணி கிழியாது. 9 சதுர மீட்டர் துணியில் மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அடித்தால் அறுபது கிலோவுக்கு மேல் தள்ளுவிசை. மழைக்கு முன் வரும் காற்றில் இந்த வேகம் சாதாரணம். நான்கு கால்களையும் ஒன்றரை மீட்டர் வெளியே நீட்டி, காலுக்கு 25 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு வீதம் கட்டுங்கள். கேன்களைக் காலியாகத் தூக்கி வந்து அங்கேயே நிரப்பலாம் என்பதால் மணல் மூட்டையைவிடச் சுலபம்.

காற்றடைத்த திரையைப் பத்து நிமிடத்தில் எழுப்பிவிடலாம். ஆனால் பெரும்பாலான வகைகளில் ஊதுகருவி நிகழ்ச்சி முழுக்க ஓடும். அமைதியான வசனக் காட்சியில் அந்த இரைச்சல் முன்வரிசைக்காரர்களைப் படுத்தும். மின்சாரம் போனால் திரையும் படுத்துவிடும். அடைத்து மூடும் வகை கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

எல்இடி சுவரை அரை மீட்டர் சதுரப் பலகைகளாக அடுக்குவார்கள். 3.9 மில்லிமீட்டர் புள்ளி இடைவெளி உள்ள பலகையில் ஒரு பக்கத்துக்கு 128 புள்ளி. 4 க்கு 2.5 மீட்டருக்கு நாற்பது பலகை, 300 கிலோவைத் தாண்டும் எடை, படத்தின் அகலத்தில் வெறும் 1,024 புள்ளி. நான்கு மீட்டருக்குள் உட்கார்ந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். உச்சத்தில் 7 கிலோவாட் வரை இழுக்கும். இங்குள்ள 13 ஆம்பியர் முனை ஒன்று தருவது மூன்று கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனி இணைப்பு எடுக்க வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று: வெளிப்புறச் சுவர்கள் வெயிலில் தெரிவதற்காகச் செய்தவை. இரவில் பத்திலொரு பங்குக்குக் குறைக்காவிட்டால் கண் கூசும், எதிர் புளோக்கின் படுக்கையறைக்குள் பாட்டுக் காட்சி போகும். அவ்வளவு குறைத்தால் இருட்டுக் காட்சிகள் திட்டுத்திட்டாகிவிடும். கச்சேரிக்குப் பின்னணியும் பெயர்ப் பலகையும் காட்ட எல்இடி சிறப்பு. படத்தைப் படமாகப் பார்க்கப் புரொஜெக்டர்தான்.

மழை ஓய்ந்த மாலையில் ஈசல் கிளம்பினால் வெள்ளைத் திரை முழுக்க அப்பும். அதற்கு எளிய மருந்து, படம் தொடங்கும்வரை திரையில் வெள்ளைப் படம் எதையும் நிறுத்தி வைக்காமல், இருபது மீட்டர் தள்ளி ஒரு பிரகாசமான விளக்கை எரியவிடுவது.

படம் இணையத்திலிருந்து நேரடியாக ஓடக்கூடாது. வீட்டுச் சந்தாக்கள் பொதுத் திரையிடலுக்கு உரிமை தருவதில்லை, திடலில் சமிக்ஞையும் நிலைக்காது. கோப்பு மடிக்கணினியிலேயே இருக்கட்டும். தூக்க நிலை, தானியங்கிப் புதுப்பிப்பு இரண்டையும் அணையுங்கள். எச்டிஎம்ஐ கம்பி 15 மீட்டருக்கு மேல் போனால் செப்புக் கம்பி நம்பகமில்லை. ஒளியிழைக் கம்பி வாங்கினால் அதற்குத் திசை உண்டு, அம்புக்குறியைப் பார்க்காமல் கூட்டத்துக்கு அடியில் விரித்துவிட்டால் முழுவதையும் உருவி மறுபடி விரிக்க வேண்டும். ஒலியை புளூடூத்தில் அனுப்பாதீர்கள். உதடு அசைந்த பிறகுதான் சொல் வரும்.

இசை: எந்தக் குழு திடலுக்குப் பொருந்தும்?

நாதஸ்வரமும் தவிலும் மைக்கே இல்லாமல் திடலை நிறைக்கும். வரவேற்புக்கு இருபது நிமிடம் என்றால் அருமை. அதற்கு மேல் கான்கிரீட் சூழலில் காது தாங்காது, புளோக்கும் தாங்காது.

பறையும் அப்படியே. ஒரு நடைமுறைச் சிக்கல்: தோல் பறையை வாசிக்கும்முன் தீயில் காய்ச்சி விறைப்பேற்ற வேண்டும். புளோக் அடியிலோ திடலிலோ காகிதத்தைக் கொளுத்தினால் புகையறிவிப்பும் புகாரும் வரும். செயற்கைத் தோல் பூட்டிய பறை கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது மின்சூட்டுத் தட்டில் காய்ச்ச ஒரு மின்முனை ஒதுக்குங்கள்.

டிரம்ஸ், கீபோர்டு, கிட்டார் சேர்ந்த மெல்லிசைக் குழு கூட்டத்தை ஆட வைக்கும். மைக்குக்கும் வாத்தியத்துக்கும் ஒவ்வொன்றாகப் பதினாறு தடமாவது மிக்ஸரில் வேண்டும், பொருத்தவும் சரிபார்க்கவும் ஒன்றரை மணி நேரம் ஆகும். இந்தக் குழுவைத் திரைக்கு நேர் முன்னால் உட்கார வைப்பதே வழக்கமான தவறு. கச்சேரி முடிந்து டிரம்ஸைக் கழற்றி முடிப்பதற்குள் அரை மணி நேரம் கரையும், கூட்டத்தில் பாதி பேருந்து நிறுத்தத்தில் இருக்கும். மேடை திரைக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். கச்சேரி முடிந்ததும் விளக்கை அணைத்தால் போதும், கழற்றுவது படத்துக்குப் பிறகு.

ஒரு குரல், ஒரு வயலின் அல்லது புல்லாங்குழல், ஒரு கிட்டார், ஒரு தாளவாத்தியம் என்ற நால்வர் குழுவே 120 பேருக்கு அளவு. எட்டுத் தடத்தில் அடங்கும், படத்துக்கு வைத்த ஒலிபெருக்கியே போதும். வட்டார உணவோடு பொருந்த வேண்டுமானால் நாட்டுப்புறப் பாடல், கும்மி, தெம்மாங்கு பாடத் தெரிந்த குரலைத் தேடுங்கள். திரைப்பாட்டு மட்டும் பாடும் குழுக்கள் எங்கும் கிடைக்கும். குளிரறையிலிருந்து நேராக வெளியே எடுத்த மிருதங்கமும் தபலாவும் ஈரக்காற்றில் சுருதி இறங்கும். வாத்தியங்கள் ஒரு மணி நேரம் முன்பே திடலுக்கு வந்து அந்தக் காற்றுக்குப் பழகட்டும். மின்விசிறியை நேராக மைக்கின் மேல் திருப்பாதீர்கள்.

ஒலியைப் பற்றி ஒரு கணக்கு. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். பின்வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று முன்னாலிருக்கும் இரண்டு பெட்டியை முறுக்கினால் முன்வரிசை காதைப் பொத்தும். கூட்டத்தின் நடுவில், 15 மீட்டரில், சிறிய பெட்டி இரண்டு நிறுத்தி, முன்பெட்டியின் ஒலி அங்கே வந்து சேரும் நேரமான 43 மில்லிவினாடி தாமதம் கொடுங்கள். மொத்தச் சத்தமும் குறையும், வசனமும் தெளியும்.

சாப்பாடு: சூடு, வரிசை, இருட்டு

வட்டார உணவு என்றதும் செட்டிநாடு, கொங்கு, நெல்லை, மதுரை, தஞ்சை, யாழ்ப்பாணம் என்று ஆறு மேசை போடத் தோன்றும். ஆறு மேசைக்கும் ஆறு வரிசை, ஆறுவகைக் குழம்பு, எல்லாம் ஆறிப்போகும். இரண்டு வட்டாரம் போதும், அவையும் ஒன்றோடொன்று பேசக்கூடியவையாக இருக்கட்டும்.

எடுத்துக்காட்டுக்கு, சொதி. நெல்லையில் அது பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கெட்டியாக இருக்கும். திருமணத்துக்கு மறுநாள் விருந்தில் சோற்றோடும் இஞ்சித் துவையலோடும் உருளைக்கிழங்கு வறுவலோடும் வரும். யாழ்ப்பாணத்தில் மஞ்சள், பச்சைமிளகாய் போட்டு நீர்க்க வைத்து இடியாப்பத்தின் மேல் ஊற்றுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே ஒரு உரையாடல், வரிசையில் நிற்பவர்கள் பேசிக்கொள்ள விஷயம் கிடைக்கும். கூட ஒரு அசைவம், கொங்குநாட்டுப் பள்ளிபாளையம் கோழி. சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்ட வறண்ட கறி என்பதால் தட்டில் ஓடாது. இனிப்புக்குத் திருவையாற்று அசோகா. அறைச்சூட்டில் மாலை முழுக்க நிற்கும்.

அளவு: இடியாப்பம் ஆளுக்கு மூன்று, 360. ஒரு கிலோ அரிசிமாவில் நாற்பத்தைந்து முதல் ஐம்பது வரும். எட்டு கிலோ மாவு. சொதிக்குத் தேங்காய் நான்கு பேருக்கு ஒன்று என்று முப்பது. தேக்கா சந்தையிலேயே துருவி வாங்கிவிடலாம், ஆனால் காலையில் வாங்கியதை மதியம்வரை வெளியே வைக்காதீர்கள். கோழி எலும்பில்லாமல் 12 கிலோ. எலும்புள்ள கறி, முள் மீன் இரண்டும் வேண்டாம். 7:15க்கு மேல் திடலில் வெளிச்சம் குறைந்துவிடும், குழந்தைகள் தட்டில் முள் தேடுவது ஆபத்து.

நேரடி அடுப்பு இல்லாமல் மாலை களைகட்டாது என்பது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய தோசைக்கல்லில் மூன்று நிமிடத்துக்கு ஆறு தோசை, மணிக்கு 120. ஆளுக்கு இரண்டு என்றால் இரண்டு மணி நேரம். உங்களிடம் இருப்பது ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு குழிப் பணியாரச் சட்டியும் மணிக்கு 120ஐத்தான் தாண்டும். ஆகவே நேரடி அடுப்பு வயிற்றை நிரப்ப அல்ல, ஆளுக்கு ஒரு சுவைக்காக. ஒரு கல், ஆளுக்கு ஒரு தோசை, மீதி வயிறு இடியாப்பத்தில். மூன்று கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ உளுந்து என்று அரைத்தால் 120க்கு மேல் வரும். இங்குள்ள வெக்கையில் மாவு ஓரிரவில் பொங்கிவிடும். காலையில் குளிர்ப்பெட்டிக்குள் வைக்காவிட்டால் மாலையில் தோசை புளித்துத் தொண்டையைப் பிடிக்கும். கொத்துப் பரோட்டா வேண்டுமென்றால் கச்சேரிக்கு முன் முடித்துவிடுங்கள். அந்தத் தாளத்தோடு எந்த மிருதங்கமும் போட்டி போட முடியாது.

கேட்டரிங் எடுத்தால் லேபிளைப் பாருங்கள். சமைத்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பது இங்குள்ள விதி; எந்த மணிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். மூன்று மணிக்குச் சமைத்தது ஏழு மணியோடு சரி. 'படம் முடிந்து சாப்பிடலாம்' என்ற யோசனை இதிலேயே அடிபடுகிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் உணவு நிற்பதுதான் ஆபத்து. திறந்தவெளியில் பஃபே தட்டுக்கு அடியில் வைக்கும் ஜெல் விளக்குக் காற்றில் அணைந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள், சொதி நாற்பது டிகிரியில் மெல்லக் கெடும். வெப்பம் காக்கும் பெட்டியிலேயே வைத்துச் சிறிது சிறிதாக எடுத்துப் போடுங்கள். மறுமுனையில், சொதியை அடுப்பிலேயே கொதிக்கவிட்டால் தேங்காய்ப்பால் திரியும். முதல்பாலை அடுப்பை அணைத்த பின் சேர்த்து 65, 70 டிகிரியில் நிறுத்துங்கள். தேங்காய்ச் சட்னியை ஒரே பாத்திரத்தில் வைக்காமல் இரண்டு கிலோ டப்பாக்களாக ஐஸில் வைத்து, ஒன்று முடிந்தபின் அடுத்ததைத் திறங்கள்.

முஸ்லிம் விருந்தினர் இருந்தால் முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் உள்ள உணவு வழங்குநர்; சைவ மேசை தனியே, கரண்டியும் தனியே. நோன்பு மாதத்தில் தேதி விழுந்தால் வேறு வழி இருக்கிறது. நோன்பு திறக்கும் வேளையும் சூரியன் மறையும் வேளையும் ஒன்றே என்பதால், கச்சேரியை முன்னால் தள்ளி, நோன்புக் கஞ்சியோடு சாப்பாட்டை அந்த நேரத்துக்கு வைத்துவிடலாம்.

படம் ஓடும்போது கையில் கச்சாங் பூத்தே எனும் வறுத்த கடலை வகைகள் மட்டும். திரையரங்கு வாசலில் நம்மவர்கள் விற்ற அதே காகிதக் கூம்பில். பிளாஸ்டிக் பொட்டலம்போலச் சலசலக்காது, இருட்டில் சிந்தினாலும் பாயில் கறை படியாது.

அடுப்பைக் கூரைக்கு வெளியே, ஒலிக் கம்பிகளுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். இரண்டு கிலோவாட் மின்னடுப்பு ஒன்று ஒரு 13 ஆம்பியர் முனையை ஏறக்குறையத் தின்றுவிடும். அதே முனையில் மிக்ஸரைச் செருகினால் பாட்டு நடுவில் மொத்தமும் அணையும். வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பும் 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வழியாகப் போகட்டும், கம்பி இணைப்புகள் தரையில் கிடக்காமல் செங்கல் மேல் இருக்கட்டும். எரிவாயு சிலிண்டர் கொண்டுவரப் போகிறீர்கள் என்பதை இட அனுமதி விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் மறுப்புத்தான் வரும்.

தேதி, மழை, தாள்

நவம்பர் முதல் ஜனவரி வரை வேண்டாம். தீபாவளிக் காலத்தில் வைக்க ஆசை வரும். ஆனால் அப்போதுதான் பிற்பகல் இடிமழை பலமாக இருக்கும். பிப்ரவரி பொதுவாக ஆண்டின் வறண்ட மாதம், சூரியன் மறைவதும் அப்போதுதான் மிகத் தாமதம், ஆகவே படம் எட்டு மணியை ஒட்டித்தான் தொடங்கும். ஜூன், ஜூலையும் பரவாயில்லை. அந்தக் காலத்துச் சுமத்ராக் காற்று (சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழை) பெரும்பாலும் விடியலிலும் காலையிலும்தான் வீசும். தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரலில் வைத்தால் கூட்டம் வரும், இடியும் வரும். கூரை இல்லாமல் வைக்காதீர்கள்.

அன்று மூன்று மணிக்கு வானிலைப் படத்தைப் பார்த்து முடிவெடுக்க ஒருவரை நியமியுங்கள், குழுவை அல்ல. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குள் இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மேடையை நிறுத்தி எல்லாரும் கீழ்த்தளத்துக்குள் போக வேண்டும். கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் காத்திருந்துதான் திரும்ப வேண்டும். இருட்டும் வேளையில் கொசு கடிக்கும். கொசுவர்த்தியைவிட, பாய் உயரத்தில் வைத்த தரை விசிறி நன்றாக வேலை செய்யும். விசிறிக் காற்றில் கொசுவால் பறக்க முடியாது.

அனுமதிகளில் படத்துக்குத்தான் நாள் அதிகம் ஆகும். பொதுமக்களுக்குத் திரையிடுவதற்கு உரிமையாளரின் எழுத்து அனுமதி ஒன்று, தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்படுத்தல் இன்னொன்று. ஒன்று கிடைத்தால் மற்றது வந்துவிட்டதாக அர்த்தமில்லை. குடும்பத்தோடு வரும் மாலைக்கு பொது அல்லது பிஜி வகைக்கு மேல் போகாதீர்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிக்காத என்சி16 என்றால் வாசலில் வயது பார்க்க ஆள் வேண்டும். திரைப்பாட்டுகளை மேடையில் பாடுவதற்குக் இசை உரிமைகளைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பின் உரிமம். உணவை விற்பதாக இருந்தால் அது தனி அனுமதி. அழைப்பிதழில் எல்லாம் அடக்கம் என்று வைத்துக்கொள்வது எளிது. பொது இடத்தில் இரவு 10:30க்கு மேல் மது அருந்தக் கூடாது, லிட்டில் இந்தியா வட்டாரத்தில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். பேசாமல் நீர்மோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆளுக்கு 200 மில்லி, 24 லிட்டர்.

முன்பதிவு நேரத்தில் கழற்றும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஒலிபெருக்கி பத்து மணிக்கு அடங்கினாலும், அலுமினியச் சட்டங்களை லாரியில் ஏற்றும் சத்தம் பதினொன்றுக்குப் புளோக்கை எழுப்பிவிடும். மின்கருவிகளை மட்டும் அன்றிரவு எடுத்துவிட்டு, சட்டங்களையும் நாற்காலிகளையும் கூரைக்குள் கட்டி வைத்து ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எடுக்க நகர மன்றத்திடம் முன்பே அனுமதி வாங்குங்கள். வாடகைக்காரர் அதற்கு இன்னொரு நாள் காசு கேட்பார். முதல் விலைப்பேச்சிலேயே அதைச் சேர்த்துப் பேசிவிட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்.